கொடுத்த வாக்குக்கு நீதிமன்றம் ஏன் காவல் நிற்க வேண்டும்?

#1 கேள்விக்கொத்து

ஒப்பந்தச் சட்டம் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முனைவு (தருகிறேன் என்று முன்வருவது), ஏற்பு, மறுபயன் (வாக்குக்கு ஈடாகக் கிடைப்பது) எல்லாம் வரிசையாக மனப்பாடம். அடித்தளம்தான் பிடிபடவில்லை. வகுப்பில் கேட்டால் சிரிப்பார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

என் சைக்கிளை 100-க்குத் தருகிறேன் என்கிறேன். ஒருவர் சரி என்கிறார். ஐந்து நிமிடத்தில் எனக்கு மனசு மாறி, தரமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் பணம் தரவில்லை, வேறு சைக்கிளை வேண்டாம் என்று சொல்லவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. சந்தையில் அதே சைக்கிள் 120-க்குப் போகிறது என்றால் நான் 20 கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர் கையில் ஒருநாளும் இருந்திராத 20 எப்படி அவருடைய 'இழப்பு' ஆகும்?

இப்போது இன்னொன்று. ஒரு நண்பனிடம், "இந்த சைக்கிள் உனக்குத்தான், காசே வேண்டாம்" என்று பத்துப் பேர் முன்னால் சத்தியம் செய்கிறேன். பிறகு தராமல் விட்டுவிடுகிறேன். பார்த்தவர்கள் காறித் துப்புவார்கள், சட்டம் மட்டும் கண்டுகொள்ளாது. ஒழுக்கத்தில் பெரிய தவறுக்கு ஒன்றுமில்லை, சின்னத் தவறுக்கு 20. வாக்கைக் காப்பதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?

#2 சும்மா_வந்தவன்

சைக்கிளை யாருக்கும் தராமல் நீங்களே ஓட்டுங்கள். வழக்கே வராது.

#3 கறுப்புக்கோட்டு

வழக்கறிஞராக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்தக் கேள்வியை ஒரு நீதிபதிகூட என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

வாக்கைக் காப்பதுதான் அடிப்படை என்று யார் சொன்னது? ரோமானியர்கள் சொல்லவில்லை. வெறும் உடன்பாட்டிலிருந்து வழக்குப் பிறக்காது என்பதுதான் அவர்கள் விதி. வழக்குப் பிறக்க வேண்டுமென்றால் ஒரு சடங்கு வேண்டும். "தருவதாக உறுதி சொல்கிறாயா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் அதே வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்பொண்டேஸ்னே? ஸ்பொண்டேயோ. அவ்வளவுதான், கட்டுப்பட்டாயிற்று. சடங்கே இல்லாமல் பேச்சு முடிந்தாலே செல்லும் என்று அவர்கள் ஒத்துக்கொண்டது நான்கு வகையைத்தான்: விற்பனை, வாடகையும் கூலியும், கூட்டுத்தொழில், சம்பளம் வாங்காமல் பிறர் வேலையை ஏற்பது.

எல்லா வாக்கும் கட்டுப்படுத்தும் என்ற எண்ணம் தேவாலயச் சட்டத்தின் வழியாக வந்தது. வாக்கை மீறுவது பாவம் என்பது அவர்கள் கணக்கு. 1234-இல் போப் ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட தொகுப்பில், எவ்வளவு வெறுமையான உடன்பாடானாலும் காக்கப்பட வேண்டும் என்று தலைப்பே போட்டுவிட்டார்கள்.

இங்கிலாந்து போன பாதை வேறு. அங்கே ஒப்பந்த வழக்கு வாக்கிலிருந்து பிறக்கவில்லை, தீங்கிலிருந்து பிறந்தது. "என் வேலையை ஏற்றுக்கொண்டாய், செய்கிறேன் என்று கெடுத்தாய்" என்ற குற்றச்சாட்டுதான் அசம்சிட். 1602-இல் ஸ்லேட் வழக்கில், கடனை வசூலிக்கவும் அதே கருவியைப் பயன்படுத்தலாம் என்றார்கள். கதவு அகலமாகத் திறந்துவிட்டது. இனி எந்த வாக்கை உள்ளே விடுவது, எதை நிறுத்துவது? அந்தச் சல்லடைதான் மறுபயன். வணிகர்கள் எழுதிக் கொடுத்த வாக்குக்கு மறுபயன் தேவையில்லை, மறுபயன் என்பதே வெறும் சாட்சியம்தான் என்று 1765-இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு சொல்லிப் பார்த்தார். 1778-இல் ரான் எதிர் ஹியூஸ் வழக்கில் பிரபுக்கள் அவை (அன்று அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றம்) அந்தக் கருத்தைப் புதைத்துவிட்டது.

உங்கள் நண்பனுக்கான சைக்கிள் சல்லடையில் நின்றுவிட்டது. 100-க்கான சைக்கிள் உள்ளே போய்விட்டது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

#4 தர்க்கவதி

சார் சொன்னது 'எப்படி வந்தது' என்பதற்கு விடை. 'ஏன் சரி' என்று கேட்டால் அந்த வரலாறு கைகொடுக்காது. (மெய்யியல் மாணவி, சட்டம் படித்ததில்லை. தவறு இருந்தால் திருத்துங்கள்.)

20 பற்றிய கேள்வி தனியாகவே ஒரு புதிர். 1936-இல் ஃபுல்லர், பெர்ட்யூ என்ற இருவர் ஒரு நீண்ட கட்டுரையில் இதைத்தான் போட்டு உடைத்தார்கள். மூன்று விஷயங்களைப் பிரித்தார்கள். நான் உங்களுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்குவது ஒன்று. உங்களை நம்பி நான் செய்த செலவை, விட்ட வாய்ப்பை ஈடுகட்டுவது இரண்டாவது. வாக்கு நிறைவேறியிருந்தால் நான் எங்கே நின்றிருப்பேனோ அங்கே என்னைக் கொண்டுபோய் நிறுத்துவது மூன்றாவது. முதல் இரண்டிலும் என்னிடமிருந்து ஏதோ போயிருக்கிறது, அதைச் சரிசெய்கிறோம். அரிஸ்டாட்டில் சொன்ன திருத்தும் நீதி என்றால் இதுதான்: கோடு ஒரு பக்கம் நீண்டுவிட்டது, நடுவுக்குக் கொண்டுவா. மூன்றாவது அப்படியில்லை. என்னிடம் இல்லாத ஒன்றை எனக்குத் தருகிறது. ஆனால் நீதிமன்றங்கள் சாதாரணமாகக் கொடுப்பது அந்த மூன்றாவதைத்தான்!

அவர்கள் சொன்ன சமாதானம், நம்பியதால் வந்த நட்டத்தை நிரூபிப்பது கஷ்டம் என்பது. நீங்கள் சரி சொன்னதால் நான் வேறு யாரையும் தேடாமல் இருந்தேன் என்பதை எப்படிக் காட்டுவது? அதனால் 'நிறைவேறியிருந்தால்' என்ற அளவை அதற்குப் பதிலாள் போல வைத்துக்கொள்கிறோம். உங்கள் ஐந்து நிமிடக் கதையில் அது அதிகம்தான். மற்ற கதைகளில் குறைவாக இருக்கும். விதி ஒன்று வேண்டுமே.

எனக்கு இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. இது உண்மையென்றால், அவர் நகரவே இல்லை என்று நீங்கள் நிரூபித்துவிட்டால் 20 கொடுக்க வேண்டியதில்லை என்று ஆக வேண்டும். எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லாது.

மெய்யியலாளர் காண்ட் 1797-இல் வேறு மாதிரி பிடித்தார். ஒப்பந்தத்தில் நான் கொடுப்பது சைக்கிளை அல்ல, சைக்கிளைத் தரும் என் செயலை. இருவர் விருப்பமும் ஒன்று சேர்ந்த நொடியில், என்னுடைய அந்த எதிர்காலச் செயல் உங்கள் உடைமையாகிவிடுகிறது. அப்புறம் நான் மறுத்தால் உங்களுடையதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். 'அவரிடம் இல்லாத 20' என்ற பேச்சே எழாது. ஐந்து நிமிடமாக அது அவரிடம்தான் இருந்தது.

#5 கேள்விக்கொத்து

நன்றி, இரண்டையும் இரண்டு முறை படித்தேன். காண்ட் சொல்வது மந்திரம் மாதிரி இருக்கிறது. வாயால் சொன்னதும் என் செயல் அவருக்குச் சொந்தமாகிவிட்டதாம். ஏன் ஆகிறது? சட்டம் அப்படி ஏற்பதால். சட்டம் ஏன் ஏற்கிறது? ஏற்கெனவே சொந்தமாகிவிட்டதால். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம்.

#6 தர்க்கவதி

நீங்கள் இப்போது கேட்டது மெய்யியலாளர் ஹியூம் 1740-இல் கேட்டது, சந்தோஷப்படுங்கள். வெறும் மன உறுதியால் ஒரு புதிய கடமை முளைக்க முடியாது, அப்படி நம்புவது மாயவித்தையை நம்புவது போல என்றார். அவர் விடை: வாக்கு என்பதே மனிதர்கள் உண்டாக்கிய ஏற்பாடு. அவருடைய உதாரணத்தில் இரண்டு விவசாயிகள். உன் கதிர் இன்று முற்றியிருக்கிறது, என்னுடையது நாளை முற்றும். இன்று நான் உனக்கு அறுத்துக் கொடுத்தால் நாளை நீ வருவாயா? நம்ப வழியில்லை. அதனால் இருவரும் சும்மா இருக்கிறார்கள், இரண்டு விளைச்சலும் வீண். 'வாக்குத் தருகிறேன்' என்ற சொற்களை ஒரு அடையாளமாக வைத்து, மீறினால் இனி யாரும் நம்பமாட்டார்கள் என்று ஆக்கிவிட்டால் இருவரும் பிழைப்பார்கள்.

இந்தப் பார்வையில் உங்கள் முதல் கேள்வி மறைந்துவிடும். அந்த ஒருவருக்கு என்ன நட்டம் என்று பார்க்கக் கூடாது, ஏற்பாடு குலைந்தால் எல்லோருக்கும் என்ன நட்டம் என்று பார்க்க வேண்டும். ஆனால் அப்படியானால் 20-ஐ அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அரசுக்கு அபராதமாகக் கட்டச் சொல்லலாமே. தனியார் சட்டத்தில் எப்போதும் இந்த ஆளிடமிருந்து அந்த ஆளுக்கு என்றுதான் பணம் நகர்கிறது. பொதுநலக் கோட்பாடுகள் எல்லாம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. காண்ட் இங்கே விழுவதில்லை.

ஒரு பக்கச் செய்தி. ஐந்து நிமிட மனமாற்றம் பழைய பிரச்சினை. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம், வாங்கியோ விற்றோ வருந்துகிறவர் பத்து நாளுக்குள் திருப்பிக்கொள்ளலாம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் ஆணை இணையத்தில் வாங்கியதற்குக் கொடுப்பது 14 நாள். வணிகரிடம் வாங்கும் நுகர்வோருக்கு மட்டும்தான், உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தாது.

#7 வடலி

எல்லோரும் மறுபயன் (நாங்கள் பிரதிபலன் என்போம்) இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்பது போலக் கதைக்கிறீர்கள். இலங்கையில் பொதுச்சட்டம் ரோம-டச்சுச் சட்டம். அங்கே தேவைப்படுவது இயுஸ்டா கௌசா, அதாவது கட்டுப்பட ஒரு நியாயமான காரணம். 1918-இல் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஆங்கிலேய நீதிபதிகளே உட்கார்ந்து, இந்தக் காரணம் ஆங்கிலச் சட்டத்தின் பிரதிபலனை விட மிக விரிந்தது, தார்மீகக் கடமையைத் தீர்க்கவோ தாராள மனதாலோ யோசித்துக் கொடுத்த வாக்கும் செல்லும் என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருடமே தென்னாப்பிரிக்காவில் கொன்ராடி எதிர் ரொசூ வழக்கில் பிரதிபலன் கோட்பாட்டை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள்.

ஆகவே கேள்விக்கொத்தின் இரண்டாவது உதாரணம் 'சட்டம் கண்டுகொள்ளாது' என்பது எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது.

அதோடு, பெறுமதி சமமா என்று பார்ப்பதிலும் நாங்கள் வேறு. ரோமானிய லேசியோ எனோர்மிஸ் எங்களிடம் காணி விற்பனையில் உயிரோடு இருக்கிறது. நியாய விலையின் பாதிக்கும் குறைவாக விற்றவர் விற்பனையை ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்கலாம். பிரான்சில் அசையாச் சொத்து விற்றவருக்குப் பன்னிரண்டில் ஏழு பங்குக்கு மேல் நட்டமென்றால் அதே உரிமை. ஆங்கிலச் சட்டத்தில் ஒரு மிளகு கொடுத்தாலும் போதும்.

#8 கறுப்புக்கோட்டு

மிளகு கூட இல்லை வடலி ஐயா, வெறும் காகிதம். சாப்பல் எதிர் நெஸ்லே, 1960-இன் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சாக்லேட் உறை மூன்றும் கொஞ்சம் காசும் அனுப்பினால் இசைத்தட்டு. வந்த உறைகளை நிறுவனம் குப்பையில்தான் போட்டது. அதுவும் மறுபயனே என்றது பிரபுக்கள் அவை. மதிப்பையே பார்க்காத சல்லடை எதைத்தான் சலிக்கிறது என்று எனக்கும் தோன்றியதுண்டு.

இந்தியா நடுவில் நிற்கிறது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஈ) மறுபயனை வாக்குப் பெற்றவர்தான் தர வேண்டும் என்று சொல்லவில்லை, 'அல்லது வேறு எவரும்' என்கிறது. சின்னய்யா எதிர் ராமய்யா, 1882, சென்னை உயர்நீதிமன்றம். தாய் மகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதுகிறார். தாயின் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுப்பதாக மகள் எழுதித் தருகிறார். பிறகு, "நீ எனக்கு என்ன தந்தாய்?" என்று மறுக்கிறார். தாய் தந்த சொத்தே போதும் என்றது நீதிமன்றம். இங்கிலாந்தில் 1861-இலேயே ட்வெடில் எதிர் அட்கின்சன் வழக்கில் இதே மாதிரிக் கோரிக்கையைத் தள்ளியிருந்தார்கள்.

பிரிவு 25 இன்னும் சுவாரசியம். நெருங்கிய உறவுக்குள் இயல்பான அன்பால் எழுதிப் பதிவு செய்த வாக்கு, ஏற்கெனவே தானாக உதவியவருக்குத் தரும் வாக்கு, காலாவதியான கடனைக் கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட வாக்கு, இவை மறுபயன் இல்லாமலே செல்லும். சட்டத்தை வரைந்தவர்களுக்குச் சல்லடையின் ஓட்டை எங்கே என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

#9 உட்பிரிவு_மூன்று

ஜெர்மன் சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். 1900 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ஜெர்மன் சிவில் சட்டத்தொகுப்பில் மறுபயனும் இல்லை, 'காரணம்' என்ற நிபந்தனையும் இல்லை. இரண்டு விருப்பமும் பொருந்தினால் ஒப்பந்தம். ஆனால் உடனே கைதட்டாதீர்கள். பிரிவு 518, இலவசமாகத் தருவேன் என்ற வாக்கு நோட்டரி முன் பதிவானால்தான் செல்லும் என்கிறது. கொடுத்தே விட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். ஆக, சத்தியம் செய்த சைக்கிள் ஜெர்மனியிலும் நிற்கிறது. வேறு சல்லடை, அதே கல்.

ஏன் எங்கு பார்த்தாலும் இலவச வாக்குக்கு மட்டும் இந்தச் சந்தேகம்? மேலே வந்த அதே ஃபுல்லர் 1941-இல் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. வடிவம் என்பது மூன்று வேலை செய்கிறது: பிறகு சாட்சியமாக இருக்கிறது, கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிடம் யோசிக்க வைக்கிறது, இது சட்டத்துக்குள் வரும் செயல் என்று இருவருக்கும் தெரியப்படுத்துகிறது. பேரம் பேசினால் அந்த மூன்றும் பேரத்திலேயே கிடைத்துவிடும். உணர்ச்சிவசப்பட்டுச் சத்தியம் செய்தால் மூன்றும் இல்லை. பிரச்சினை தாராள மனது அல்ல, யோசித்தாரா என்று தெரியாததுதான். வடலி சொன்ன தீர்ப்பிலும் 'யோசித்துக் கொடுத்த' என்ற சொல் இருக்கிறது பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு நாட்டில் ஒப்பந்தச் சட்டம் எவ்வளவு பெரியது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரான தீங்கியல் சட்டம்தான் (ஒப்பந்தம் இல்லாமலே பிறருக்குச் செய்த தீங்குக்கு ஈடு கேட்கும் சட்டம்) பெரும்பாலும் முடிவு செய்கிறது. 1911-இல் ஜெர்மன் பேரரசு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு. கடைக்கு லினோலியம் விரிப்புப் பார்க்க வந்த பெண் மேல் சுருள்கள் சரிந்து விழுந்தன, ஊழியரின் கவனக்குறைவு. அவர் இன்னும் எதுவும் வாங்கவில்லை. இங்கிலாந்தில் இது சர்வசாதாரணமான தீங்கியல் வழக்கு, முதலாளி பொறுப்பு. ஜெர்மனியில் பிரிவு 831 இருந்தது: ஊழியரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து மேற்பார்த்தேன் என்று முதலாளி காட்டினால் தப்பிவிடலாம். நீதிமன்றம் என்ன செய்தது? வாங்கும் நோக்கத்தில் உள்ளே நுழைந்ததுமே ஒப்பந்தம் போன்ற ஓர் உறவு பிறந்துவிட்டது, அதன் கீழ் பொறுப்பு என்றது. முன்பேச்சில் நேரும் தவறு என்று ஜெர்மன் சட்ட அறிஞர் யேரிங் 1861-இல் எழுதிய கருத்துக்கு ஒரு விரிப்புச் சுருள் வழியாக உயிர் வந்தது. ஒப்பந்தத்தின் சாரம் என்ன என்று மெய்யியலில் தேடும்போது, இந்த மாதிரி ஒட்டுப்போட்ட இடங்களையும் சாரம் என்று எண்ணிவிடக் கூடாது.

#10 கறுப்புக்கோட்டு

அருமை. ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. முன்வாசல் குறுகலாக இருந்ததால் பக்கவாசல் வந்தது: முரண்தடை, அதாவது நம்பவைத்த பிறகு மாற்றிப் பேசத் தடை. 1947 ஹை ட்ரீஸ் வழக்கு. போர்க்காலத்தில் அடுக்குமாடிக்கு ஆள் வரவில்லை என்று ஆண்டு வாடகையை 2,500 பவுண்டிலிருந்து 1,250 ஆகக் குறைத்தார்கள், மறுபயன் ஏதுமில்லை. நம்பவைத்துவிட்டு அந்தப் போர்க்காலத்துக்கான பாக்கியைக் கேட்க முடியாது என்றார் நீதிபதி டென்னிங். ஆனால் அது கேடயம்தான், வாள் இல்லை என்று 1951-இல் கோம் வழக்கில் எல்லை போட்டார்கள். ஆஸ்திரேலியா 1988-இல் வால்டன்ஸ் ஸ்டோர்ஸ் வழக்கில் வாளாகவும் ஆக்கியது. இந்திய உச்சநீதிமன்றம் அதற்கு முன்பே மோதிலால் பதம்பத் வழக்கில் அரசுக்கு எதிராக வழக்கே போடலாம் என்றிருந்தது.

கேள்விக்கொத்து கவனிக்க: உங்கள் நண்பன் உங்கள் சத்தியத்தை நம்பித் தன் சைக்கிளை விற்றிருந்தால் கதை இந்தப் பக்கவாசலுக்கு வந்திருக்கும்.

#11 சும்மா_வந்தவன்

நடுவில் ஒரு சந்தேகம், இந்த முறை நிஜமாகவே. நான் ஏதோ ஒன்றை 100-க்கு விற்க ஒப்புக்கொண்டேன். வாங்குபவருக்கு அது 120 மதிப்பு. இன்னொருவர் வந்து 150 தருகிறேன் என்கிறார். முதல் ஆளுக்கு 20 கொடுத்துவிட்டு 150-க்கு விற்றால் எனக்கு 30 லாபம், அவருக்கும் குறையில்லை, மூன்றாமவரும் சந்தோஷம். இதில் என்ன தப்பு?

#12 கறுப்புக்கோட்டு

ஒன்றும் தப்பில்லை என்பார் அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ். 1897-இல் சொன்னார்: ஒப்பந்தக் கடமை என்றால், மீறினால் இழப்பீடு கட்ட வேண்டிவரும் என்ற முன்கணிப்பு, அதற்கு மேல் எதுவும் இல்லை. பொருளியல் பார்வைக்காரர்கள் பிறகு இதைப் பெரிய கோட்பாடாக வளர்த்தார்கள்.

#13 தர்க்கவதி

தப்பு இருக்கிறது. அந்த 30 ஏன் உங்களுக்கு? முதல் ஆளிடம் பொருள் போயிருந்தால் அவரே 150-க்கு விற்றிருப்பார். பொருள் கடைசியில் 150 கொடுப்பவரிடம்தான் போய்ச் சேரும், இரண்டு வழியிலும். லாபம் யாருக்கு என்பது மட்டும்தான் கேள்வி. அதற்கு 'திறமையான மீறல்' என்று பெயர் வைப்பதால் விடை கிடைத்துவிடாது. அது பொருளியல் கேள்வியே இல்லை, யாருடையது என்ற கேள்வி.

#14 உட்பிரிவு_மூன்று

அதோடு ஹோம்ஸ் சொன்னது அவர் வீட்டுக்குள் மட்டும் உண்மை. ஜெர்மனியில் கடப்பாட்டுச் சட்டத்தின் முதல் வரியே, நிறைவேற்றச் சொல்லிக் கேட்கும் உரிமை. இழப்பீடு அடுத்த படி. இங்கிலாந்தில் நிறைவேற்றச் சொல்லும் ஆணை நீதிபதியின் விருப்புரிமை, பணம்தான் வழக்கமான பரிகாரம். ஆனால் நடைமுறையில் ஜெர்மன் வணிகரும் பெரும்பாலும் பணம் வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் வாங்கிவிடுவார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

#15 கறுப்புக்கோட்டு

இந்தியாவில் 2018 திருத்தத்துக்குப் பிறகு ஏற்றதை ஆற்றுக என்ற பரிகாரம் நீதிபதியின் விருப்பம் என்ற நிலையிலிருந்து நகர்ந்துவிட்டது. தனிப்பரிகாரச் சட்டத்தின் (Specific Relief Act) பிரிவு 10, விதிவிலக்கு இல்லாத இடத்தில் 'நிறைவேற்றப்பட வேண்டும்' என்கிறது. இங்கிலாந்திலும் 2000-இல் பிளேக் வழக்கு. உளவாளி ஒருவர், ரகசியம் காப்பேன் என்று அரசுக்குக் கொடுத்த வாக்கை மீறித் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். அரசுக்குப் பண நட்டம் என்று ஒன்றும் காட்ட முடியவில்லை. இருந்தாலும் அவருக்கு வரவேண்டிய எழுத்துக் கூலியை அரசுக்குக் கொடு என்றது பிரபுக்கள் அவை. அரிதான வழக்குகளுக்கு மட்டும் என்றார்கள். தர்க்கவதி சொன்ன 'அந்த 30 ஏன் உனக்கு' என்ற கேள்வியை ஒரு நீதிமன்றம் நேராகக் கேட்ட இடம் அது.

#16 வடலி

வாக்கு வாக்குதான் என்று காண்ட் பக்கம் நிற்பவர்களிடம் ஒரு கேள்வி. உலகமே மாறிவிட்டால்? பிரான்சில் கிராப்போன் கால்வாய்: 16-ஆம் நூற்றாண்டில் பேசிய பாசனக் கட்டணம், 19-ஆம் நூற்றாண்டில் பராமரிப்புக்கே காணாது. கீழ் நீதிமன்றம் உயர்த்திக் கொடுத்தது. 1876-இல் மேல் நீதிமன்றம் அதை உடைத்தது: காலம் எவ்வளவு ஓடினாலும் நீதிபதி ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது. 2016 அக்டோபர் முதல் அங்கேயே உறுப்பு 1195 வந்துவிட்டது. எதிர்பாராத மாற்றத்தால் நிறைவேற்றம் அளவுக்கு மீறிச் சுமையானால் மறுபேச்சுக்கு அழைக்கலாம், முடியாவிட்டால் நீதிபதியிடம் போகலாம். அதே திருத்தம் 'காரணம்' என்ற பழைய நிபந்தனையையும் நீக்கிவிட்டது, அதில் எனக்கு வருத்தம்தான்.

#17 உட்பிரிவு_மூன்று

ஜெர்மனிக்கு அந்தப் பாடம் 1923-இல் கிடைத்தது. நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். போருக்கு முன் வாங்கிய அடமானக் கடனை ஒரு ரொட்டி விலையை விடக் குறைந்த காசால் அடைத்துவிட்டுப் போகலாம். எழுத்துப்படி சரி, மார்க் என்றால் மார்க். 1923 நவம்பர் 28-இல் பேரரசு நீதிமன்றம், நன்னம்பிக்கையைச் சொல்லும் பிரிவு 242-ஐ வைத்து, மறுமதிப்பீடு செய்யாமல் கடன் தீராது என்றது. 2002-இல் அது பிரிவு 313 ஆகத் தனியாகவே எழுதப்பட்டது.

#18 கறுப்புக்கோட்டு

இந்தியாவில் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 56 இயலாமைக்கு மட்டும்தான். விலை ஏறிவிட்டது என்று போனவர்களுக்கு 1960-இல் அலோபி பர்ஷாத் வழக்கில் கதவு சாத்தப்பட்டது.

#19 தர்க்கவதி

வடலி அண்ணா கேட்டதற்கு: காண்ட் பக்கம் நின்றாலும் பதில் உண்டு. இருவர் விருப்பம் எதன்மேல் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவர் 'மார்க்' என்ற ஓசைக்குச் சம்மதிக்கவில்லை, ஒரு மதிப்புக்குச் சம்மதித்தார். திருத்துவது ஒப்பந்தத்தை அல்ல, அதைப் படிக்கும் விதத்தை. ஆனால் இந்தப் பதிலை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று எனக்கே பயம். இழுத்துக்கொண்டே போனால் நீதிபதிக்குப் பிடித்ததெல்லாம் 'உண்மையான விருப்பம்' ஆகிவிடும்.

எனக்கு இதைவிடக் கடினமாகத் தோன்றுவது இன்னொன்று: சம்மதம் இருந்தது, ஆனால் அது என்ன சம்மதம்?

#20 உட்பிரிவு_மூன்று

அதற்கு ஒரே மாதத்தில் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1993 அக்டோபர். ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம்: 21 வயதுப் பெண், தொழிற்பயிற்சி இல்லை, சொத்து இல்லை. அப்பாவின் தொழில்கடனுக்கு ஒரு லட்சம் மார்க் வரை பிணை. இதில் பெரிய பொறுப்பு எதுவும் இல்லை, என் கோப்புக்காகத்தான் என்று வங்கி ஊழியர் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். உச்ச சிவில் நீதிமன்றம், வயது வந்தவர் கையெழுத்துப் போட்டால் கட்டுப்படுவார் என்றது. அரசமைப்பு நீதிமன்றம் மறுத்தது. தன் ஒப்பந்தத்தைத் தானே தீர்மானிப்பது அடிப்படை உரிமை என்றால், ஒரு பக்கம் மட்டும் தீர்மானித்த இடத்தில் அந்த உரிமை இல்லை, சுமையும் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதென்றால் சிவில் நீதிபதி உள்ளடக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றது.

அதே மாதம் இங்கிலாந்தில் பார்க்லேஸ் வங்கி எதிர் ஓ'பிரையன். கணவரின் நிறுவனக் கடனுக்கு மனைவி வீட்டைப் பிணை வைக்கிறார், தொகையைப் பற்றிக் கணவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். மனைவி தப்பினார். ஆனால் வழி வேறு. சுமை நியாயமா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. வங்கி அவரைத் தனியாக அழைத்து எச்சரித்து, சுதந்திரமான ஆலோசனை பெறச் சொன்னதா என்று பார்த்தது. அதன் பிறகு என்ன ஆகும்? வங்கிகள் ஒரு படிவம் தயாரித்துவிடும். எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பதா, எப்படிப் போட்டாய் என்று கேட்பதா என்பதில் இரண்டு மரபும் பிரிகின்றன.

#21 கறுப்புக்கோட்டு

எங்களிடம் இரண்டும் உண்டு, இரண்டும் அரைகுறை. தகாத செல்வாக்குக்குப் பிரிவு 16. 1986-இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்சநீதிமன்றம், பேரம் பேசும் பலமே இல்லாதவர் மேல் திணித்த விதி பொதுக்கொள்கைக்கு எதிரானது என்று பிரிவு 23-இல் கொண்டுபோய்ச் செல்லாததாக்கியது. சமபலம் உள்ள வணிகர்களுக்கு இது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்க நெஞ்சு நிறையும். அதை வைத்து வாதாடி ஜெயிப்பது வேறு விஷயம்.

#22 கேள்விக்கொத்து

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் முதல் பதிவில் ஒரு பிழை இருக்கிறது. வாக்கு என்ற ஒரே ஒரு பொருள் இருக்கிறது, சட்டம் அதைச் சில இடத்தில் காக்கிறது, சில இடத்தில் கைவிடுகிறது என்று நினைத்தேன். லினோலியம் வழக்கைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. முன்வாசலில் நின்றது பக்கவாசலால் வருகிறது, ஒரு நாட்டில் ஒப்பந்தம் செய்யும் வேலையை இன்னொரு நாட்டில் தீங்கியல் செய்கிறது. அதனால் 'ஒழுக்கத்துக்குத் தலைகீழ்' என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். யோசித்துச் சொன்னானா என்று தெரியாத சத்தியத்தை நிறுத்திவைப்பது ஒழுக்கத்துக்கு எதிரானதும் இல்லை.

ஆனால் 20 பற்றிய சந்தேகம் போகவில்லை. காண்ட் சொல்வது சரியென்றால் 20 கொடு என்பதே தவறு, சைக்கிளைக் கொடு என்றல்லவா சொல்ல வேண்டும்? ஹியூம் சொல்வது சரியென்றால் அந்த 20 அவருக்குப் போக வேண்டியதில்லை. 20-ஐ அவருக்கே கொடு என்னும் விதிக்கு இருவரும் துணை வரவில்லை.

#23 கறுப்புக்கோட்டு

முதல் பாதியில் உடன்படமாட்டேன். சந்தையில் அதே சைக்கிள் 120-க்குக் கிடைக்கும்போது, அவர் கையில் மிச்சமிருக்கும் 100-உடன் 20 சேர்ந்தால் சைக்கிள்தானே? காண்டுக்கு அதில் என்ன கஷ்டம்? கிடைக்காத பொருள் என்றால், நிலம் மாதிரி, அங்கே பெரும்பாலான நாடுகள் பொருளையே கொடு என்றுதான் சொல்கின்றன.

#24 தர்க்கவதி

சார், அதை நான் சொல்லியிருக்க வேண்டும்! ஆனால் சந்தை இல்லாத, நிலமும் இல்லாத நடு இடம் ஒன்று இருக்கிறது. ஓவியம் வரைந்து தருகிறேன், பாடுகிறேன் என்ற வாக்குகள். அங்கே யாரும் கட்டாயப்படுத்திப் பாட வைப்பதில்லை. என் செயல் உங்கள் உடைமை என்ற பேச்சு அங்கே கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. அதற்குத் தனி இழை திறக்கிறேன்.

#25 சும்மா_வந்தவன்

அது இருக்கட்டும். அந்த சைக்கிள் இன்னும் கைவசம் இருக்கிறதா? 130 தருகிறேன்.

#26 கேள்விக்கொத்து

முதல் ஆள் இந்த இழையைப் படிக்கிறார் என்று நினைக்கிறேன். அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.